மூங்கில் உச்சியில் நிற்பவர்

துர்க்கா பூஜைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே கொல்கத்தாவின் தெருமுனைகளில் மூங்கில் வந்து இறங்கிவிடுகிறது. தென்னாட்டிலிருந்து வந்து இந்நகரில் குடியேறிய நாம் முதலில் வியப்பது, பெரும்பாலும் கயிற்றுக் கட்டினாலேயே எழும் அந்த மூங்கிற் கோபுரங்களைத்தான். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. ஆயின், வெறுங்காலுடன் மூங்கில் உச்சியில் நிற்கும் தொழிலாளி தவறினால் அவரைத் தாங்கக் கீழே என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

ஐந்து மீட்டர் உயரம் நம் கண்ணுக்கு ஒரு பொருட்டன்று. அங்கிருந்து தவறியவர் ஒரே வினாடியில் தரையை அடைகிறார். அப்போது அவரது வேகம் மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ‘பார்த்து வேலை செய்’ என்னும் அறிவுரைக்கு அந்த ஒரு வினாடியில் இடமேது? அபாயத்தை அளப்பதும் தடுப்பதும் ஏணியில் கால் வைக்கும் முன்னரே முடிந்துவிட வேண்டியவை.

ஸான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலம் இதற்குத் தக்க சான்று. நம் ஹவுரா பாலம் திறக்கப்படுவதற்கு ஆறாண்டுகள் முன்பு, 1937இல் அது திறக்கப்பட்டது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்று கணக்கிடுவது அக்காலத்து அமெரிக்கப் பாலப் பணியின் வழக்கம். என்ன கொடிய கணக்கு! தலைமைப் பொறியாளர் ஜோஸப் ஸ்ட்ராஸ் அதனை ஏற்காமல் பாலத்தின் அடியில் வலை கட்டுவித்தார். தவறி விழுந்த 19 பேரை அவ்வலை காத்தது. எனினும் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு பணிமேடையே பெயர்ந்து விழ, வலை கிழிந்து பத்துப் பேர் மாண்டனர். மனிதரைத் தாங்கும் வலை மேடையைத் தாங்காது. எந்தக் காப்புக்கும் ஓர் அளவு உண்டு.

ஆகவே, ஏறாமலே முடிக்கக்கூடிய வேலை எது என்பதே முதற் கேள்வி. துணி தைப்பதையும் வண்ணம் தீட்டுவதையும் தரையிலேயே முடித்து மேலே ஏற்றலாம். ஏறியே தீர வேண்டுமெனில் அகலமான பலகை, கைப்பிடி வேலி, வலை. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டையைவிடத் தோளையும் தொடையையும் பற்றும் முழுவுடல் வாரே நன்று. அதுவும் உறுதியான இடத்தில் மாட்டப்பட்டிருந்தால்தான் காக்கும். மாட்டப்படாத வார் வெறும் அணிகலனே.

காலவைசாகிப் புயலுக்குப் பின் பட்டறைக் கூரைகளைப் பழுதுபார்ப்போருக்கு வேறோர் ஆபத்து. சிமென்டுத் தகடு கல்லைப் போல் தோன்றும். கால் வைத்தால் உடையும். குறுக்கே பலகை இடாமல் அதன்மேல் எவரையும் நடக்க விடலாகாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, உயரத்தில் வேலை செய்வோர் விழாதிருக்க வேலியோ வேறு ஏற்பாடோ வேண்டுமெனத் தன் 32ஆம் பிரிவில் விதித்தது. தெருப் பந்தல் தொழிற்சாலை அன்று! அங்கே கேட்க வேண்டியவர்கள் முன்பணம் கொடுக்கும் குழுவினரே. அக்குழுக்களில் நம் அன்பர்களும் இருக்கின்றனர். ஒப்பந்தச் சீட்டில் வலைக்கும் வாருக்கும் தனித் தொகை எழுதச் சொல்லுதல் அவர்களால் இயலும்.

பந்தலைப் பிரிக்கும் நாளையும் அவர்கள் மறத்தலாகாது. விஜயதசமி கழிந்ததும் பார்வையாளர் இல்லை, அவசரமோ மிகுதி. மழையில் நனைந்து உலர்ந்த கட்டுகளும் தளர்ந்திருக்கும். வலையைக் கடைசியாக இறக்கும்படி சொல்லிவைக்க வேண்டும்.