இஃப் கோட்டையின் இரு கைதிகள்

பகைவனை வெளியே நிறுத்தும் நோக்கத்துடனேயே கோட்டைகள் கட்டப்படுகின்றன. காலப்போக்கில் அதே மதில்கள் மனிதரை உள்ளே நிறுத்துவதற்குப் பயன்படலாகின்றன. பிரான்சு தேசத்தின் தென்கரையில், மார்செய் துறைமுகத்துக்கு எதிரே, கடல் நடுவில் நிற்கும் இஃப் கோட்டை இதற்குத் தக்க சான்று. சிறைகளாக மாறிய கோட்டைகள் உலகில் பலவுண்டு. ஆயினும் இக்கோட்டைக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு புதுமை உண்டு. இதன் கைதிகளுள் உலகப் புகழ் பெற்றவன் எவனோ, அவன் இவ்வுலகிற் பிறந்தவனே அல்லன். எட்மண்ட் டான்டேஸ் என்னும் அவன், ஓர் எழுத்தாளனின் மைக்கூட்டிலிருந்து பிறந்தவன்.

மன்னன் முதலாம் பிரான்சுவாவின் ஆணைப்படி, 1520களில் இக்கோட்டையின் கட்டுமானம் தொடங்கியது. மார்செய்த் துறையைக் காப்பதே அதன் தொழில். சதுர வடிவான மூன்று மாடிக் கட்டடமும், அதன் மூலைகளில் மூன்று கோபுரங்களும், சுற்றிலும் செங்குத்தான பாறையும், பாறையை மோதும் அலைகளும்; தப்பியோட நினைப்பவனுக்கு முதற் காவலன் கடலே. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அது மறியற்சாலையாகவும் மாறியது. மறியலிலும் ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. பணம் கொடுக்க வல்லவர்களுக்கு மேல்மாடியில் சாளரமும் கணப்பும் உள்ள அறைகள் கிடைத்தன. ஏழைகளுக்குக் கிடைத்தவை கீழ்த்தளத்து இருட்டறைகள்.

அலெக்சாந்தர் டூமாவின் ‘மொண்டி கிறிஸ்தோ பிரபு’ என்னும் நாவல் 1844 முதல் 1846 வரை பாரிஸ் பத்திரிகை ஒன்றில் தொடராக வெளிவந்தது. பொறாமையாளரின் பொய்ச் சாட்சியால், குற்றம் இன்னதென்று தானே அறியாமல், இளமாலுமி ஒருவன் பதினான்கு ஆண்டுகள் இஃப் கோட்டையில் அடைபட்டுக் கிடக்கிறான். பின்னர் இறந்த முதியவர் ஒருவரின் பிணப்பைக்குள் தான் புகுந்து, கடலில் எறியப்பட்டுத் தப்புகிறான். தப்பியவன் பெருஞ்செல்வனாகத் திரும்பி வந்து பழிதீர்ப்பதே கதை. இக்கதை கோட்டையின் வரலாற்றையே மறைத்துவிட்டது. 1867 இல் அங்கு சென்ற அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயினுக்குக் கதைமாந்தரின் அறைகளும் காட்டப்பட்டன. 1890 இல் கோட்டை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1926 இல் அது வரலாற்றுச் சின்னமாகப் பதிவாயிற்று. இன்றும் படகேறிச் செல்வோர் ‘டான்டேஸின் அறை’ என்று பெயரிட்ட அறையையும், நாவலிற் கூறப்பட்டவாறே சுவரிற் குடைந்த துளையையும் கண்டு திரும்புகின்றனர்.

இதனைப் பொய் என்று தள்ளிவிடலாமா? அவசரப்படுதல் நன்றன்று. அப்புனைவுக்குள் உண்மைத் துன்பங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை கரைந்திருக்கின்றன. பாரிஸ் நகரக் காவற்றுறை ஆவணங்களைக் காத்துவந்த பெஷே என்பவர் எழுதிவைத்த ஒரு வரலாற்றிலிருந்தே டூமா தமது கருவை எடுத்தார். அதில் வரும் இளைஞன் சப்பாத்துத் தைப்பவன். அவன் அடைபட்டது இஃப் கோட்டையில் அன்று, ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள பெனஸ்திரெல் கோட்டையில். அவனை மாலுமியாக்கி, மலைச்சிறையைக் கடற்சிறையாக மாற்றியது டூமாவின் கற்பனை.

மற்றொரு சிறை அவருடைய இல்லத்திலேயே இருந்தது. டூமாவின் தந்தை, இன்று ஹெயிட்டி எனப்படும் நாட்டில், பிரெஞ்சுப் பிரபு ஒருவருக்கும் அடிமைப் பெண் ஒருத்திக்கும் 1762 இல் பிறந்தவர். புரட்சிக்காலத்துப் படையில் தளபதிப் பதவி வரை உயர்ந்தவர். 1799 இல் எகிப்திலிருந்து திரும்பும் வழியில் கப்பல் பழுதுற, இத்தாலியின் தரந்தோ துறையில் ஒதுங்கினார். அங்கு பிடிபட்டுக் கோட்டையில் அடைக்கப்பட்டு, 1801 இல் உடல்நலம் முற்றாகக் குலைந்தவராகவே வெளிவந்தார். 1806 இல் அவர் இறந்தபோது மகனுக்கு நான்கு வயதும் நிறையவில்லை. நிரபராதி ஒருவன் கோட்டைச் சிறையில் நலிவதை அம்மகன் எழுதும்போது, அது வெறுங் கற்பனையாக இருந்திருக்க முடியுமா?

ஆகவே புனைவு குற்றவாளி அன்று. ஆனால் அதன் ஒளி மிகுந்த பக்கத்தில் நின்றுகொண்டு, இருளில் கிடப்போரை நாம் மறந்துவிடுதல் குற்றம். இஃப் கோட்டையின் உண்மைக் கைதிகள் எத்தகையோர்? பிற்காலத்தில் பிரெஞ்சுப் புரட்சியின் பேச்சாளராகப் புகழ்பெற்ற மிராபோ, 1774 இல் சொந்தத் தந்தையின் வேண்டுகோளால் இங்கு அடைக்கப்பட்டார். 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியாளர் இங்கு கொண்டுவரப்பட்டனர். ‘இறைமையுள்ள மக்களின் விடுதி’ என்று அச்சிறைக்கு அவர்கள் கேலியாகப் பெயரிட்டுக் கல்லிற் செதுக்கினர். பாரிஸ் கம்யூனைப் பின்பற்றி மார்செயில் எழுந்த கிளர்ச்சியின் தலைவர் கஸ்தோன் கிரெமியே, இங்கு சிறையிருந்தபின் 1871 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களுக்கு முன்னரே, புரொட்டஸ்தாந்து சமயிகளுக்கு வழிபாட்டுரிமை அளித்த நாந்து கட்டளையைப் பதினான்காம் லூயி 1685 இல் நீக்கியபின், சமயத்தைக் கைவிட மறுத்தோர் பலர் இதன் நிலவறைகளைக் கண்டனர்.

அவர்களுள் ஒருவரை மாத்திரம் இங்கு நினைவுகூர விரும்புகிறோம். எலி நோ என்பது அவர் பெயர். பிரான்சில் பிறந்து, சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி நியூயோர்க்கில் குடியேறி வணிகம் செய்தவர். 1692 இல் அவர் சென்ற கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கிற்று. சமயம் மாற மறுத்தமையால், வாழ்நாள் முழுவதும் அரச கப்பல்களில் சங்கிலி பூண்டு துடுப்பு வலிக்கும் தண்டனை கிடைத்தது. சக கைதிகளுக்கு ஊக்கமூட்டுகிறார் என்று கண்டபோது அவரைத் தனிமைச் சிறையில் இட்டனர். இறுதியில் இஃப் கோட்டையின் நிலவறையில் தள்ளினர். ஆங்கில அரசின் முயற்சியால் அவர் 1698 இல் விடுதலையானார்.

விடுதலையானவர் என்ன செய்தார்? நியூயோர்க்குக்கு மீண்டு, 1704 இல் அந்நகரத்து ஆபிரிக்க அடிமைகளுக்குக் கற்பிக்கும் பணியை ஏற்றார். முதலில் வீடு வீடாகச் சென்றார். பின்னர் அவர்களைத் தம் இல்லத்திலேயே கூட்டிப் போதித்தார். அடிமைகளின் எசமானர் பலர் இதனை விரும்பவில்லை. 1712 இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது பழி அவருடைய பாடசாலை மீது விழுந்தது. அதன் பின்னரும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1722 இல் இறக்கும்வரை தொடர்ந்தார். சங்கிலியின் பாரத்தைத் தம் காலிலேயே உணர்ந்தவர், பிறர் காலிற் கிடந்த சங்கிலியைக் காணத் தவறவில்லை.

ஒரே கோட்டையிலிருந்து வெளிவந்த இருவரை எண்ணிப் பார்ப்போம். பழிவாங்கியவனை உலகம் அறியும். கற்பித்தவரை அறிந்தோர் மிகச் சிலர். பழியின் கதை விறுவிறுப்பானது. பாடஞ் சொல்லும் வாழ்வில் அத்தகைய விறுவிறுப்பு இல்லை. ஆயினும் நாவலை ஆழ்ந்து படிப்போர் ஓர் உண்மையைக் காண்பர். டான்டேஸின் உயிரைக் காத்தது பழியுணர்ச்சி அன்று. நிலத்தைக் குடைந்து, வழி தவறி, அவனுடைய அறைக்குள் வந்து சேர்ந்த ஃபாரியா என்னும் முதிய பாதிரியாரே அவனைக் காத்தார். கோவாவிற் பிறந்து, மனவசியக் கலையால் பாரிஸில் பேர்பெற்று, 1819 இல் மறைந்த ஒரு மெய்யான குருவின் பெயரையே டூமா இம்முதியவருக்கு இட்டார். காகிதமும் விளக்கும் மறுக்கப்பட்ட இடத்திலே மொழிகளையும் கணிதத்தையும் வரலாற்றையும் அவர் போதித்தார். தாம் அளித்த தெளிவு இளைஞனின் உள்ளத்தில் பழியுணர்ச்சியை விதைத்துவிட்டதே என்று வருந்தியவரும் அவரே.

நாவலின் அப்பகுதியை வகுப்பறையிற் படிப்பிக்கும் ஆசிரியர்கள், அதனுடன் எலி நோவின் வரலாற்றையும் மாணவர்க்குச் சொல்வார்களாக. அவரிடம் பாடங் கேட்ட அடிமைகளின் பெயர்கள் பெரும்பாலும் நம்மை வந்தடையவில்லை. டூமாவின் பாட்டியும் அவர்களைப் போன்ற ஓர் அடிமைப் பெண்ணே. இஃப் கோட்டைக்குச் செல்வோர் சுவரிலுள்ள அத்துளையைப் பார்க்கட்டும், அதில் தவறில்லை. ஒரு கைதி இன்னொரு கைதிக்குக் கல்வி கொண்டுவந்த வழி அதுவென்று அறிந்து பார்ப்பார்களாயின், பிறவாத கைதிக்கு இட்ட அந்த அறை, பிறந்து மறக்கப்பட்டவர்களுக்கும் நினைவிடமாகும்.