மரத்திலிருந்து விழுந்தவர் எழுந்து நடந்தாலும் 24 மணி நேரம் கவனம் தேவை

விருத்தாசலம், முதனை, மங்கலம்பேட்டை, பண்ருட்டி பகுதிகளில் மாசி, பங்குனி வந்துவிட்டால் முந்திரித் தோப்புகளில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். அடுத்து பலா சீசன். முந்திரியைத் தரையில் விழுந்த பிறகு பொறுக்குவதே நல்ல பழக்கம் என்றாலும், காய்ந்த கிளை வெட்டவும், உயரக் கிளையை உலுக்கவும் மரம் ஏறுகிறார்கள். பலாவில் காயைக் கயிறு கட்டி இறக்க ஆள் மேலே போயே ஆக வேண்டும். பனை, தென்னை பற்றிச் சொல்லவே வேண்டாம். வைக்கோல் போர், டிராக்டர் டிரெய்லர், பீங்கான் கூடங்களில் சரக்கு அடுக்கும் பரண் என்று விழுவதற்கு இடங்கள் நிறையவே உண்டு.

கை, கால் முறிந்தால் வலி தாங்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுகிறோம். தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லப்பா, லேசா சுத்துது" என்றால் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்துவிடுகிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியில் மண்டை ஓடு மெல்லியது. அதை ஒட்டி உள்ளே ரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே எலும்பு விரிசல் விட்டுக் குழாய் கிழிந்தால் ரத்தம் எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவில் சேரத் தொடங்கும். முதலில் ஒன்றும் தெரியாது. ஆள் பேசுவார், டீ குடிப்பார். சேர்ந்த ரத்தம் மூளையை அழுத்த ஆரம்பித்ததும், சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகும்.

2009 மார்ச்சில் ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சனுக்கு நடந்தது இதுதான். கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் சாதாரணமாக விழுந்தார். சிரித்துப் பேசினார், முதலில் வந்த ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டது. பிறகு தலைவலி தொடங்கியது, இரண்டு நாளில் இறந்துபோனார். வசதிக்குக் குறைவில்லாத இடத்தில் நடந்த சாவு அது. நம் ஊரில் இரவு எட்டு மணிக்குத் தோப்பு வீட்டில் படுத்திருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

விழுந்தவர் ஒரு நிமிடம் நினைவிழந்திருந்தாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தூங்கி விழுவது, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வது, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போல ஒழுகுவது - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். குடித்திருந்தவர் என்றால் "போதையில் உளறுகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். போதையும் தலைக் காயமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

விழுந்த இடத்தில் நாம் செய்யும் சில உதவிகள் கேடாகவே முடிகின்றன. தூக்கி உட்கார வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, சோடா புகட்டுவது, வலிப்பு வந்தால் கையில் சாவி திணிப்பது எல்லாம் வேண்டாம். உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்து எலும்பும் முறிந்திருக்கலாம். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க, அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டும். நினைவில்லாமல் வாந்தி எடுத்தால் மூன்று, நான்கு பேர் சேர்ந்து, கழுத்து திரும்பாமல் மொத்த உடம்பையும் ஒருக்களிக்க வைக்கலாம். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்தவும், எலும்பு உள்ளே அமுங்கியிருந்தால் அழுத்தக் கூடாது. விழுந்த நேரம், உயரம், மயங்கினாரா என்பதைக் குறித்து மருத்துவரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மூளை அறுவை தேவைப்பட்டு விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் போக நேர்ந்தால் பயணத்துக்கே 2 மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவது 1974-ல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் தந்த முறை. 15 என்றால் முழு நினைவு. மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்கலாம், எழுப்பினால் சரியாக விழித்துப் பேசுகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரை தரக் கூடாது.

வயதானவர்கள், தினமும் குடிப்பவர்கள், இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் தனிக் கணக்கு. இவர்களுக்குச் சின்ன அடியிலும் ரத்தம் மெல்லக் கசிந்து, மூன்று நான்கு வாரம் கழித்தே தெரியும். தாத்தா தடுமாறுகிறார், பெயர் மறக்கிறார் என்றால் வயசாகிவிட்டது என்று முடிவு கட்டாமல், போன மாதம் விழுந்தாரா என்று கேளுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் அறுவை மூலம் சரியாகக் கூடியது இது.

லேசான தலைக் காயத்தில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு மூன்று மாதம் வரை தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கமின்மை, மறதி, எரிச்சல் நீடிக்கும். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது வழக்கம்; காயம்பட்ட மூளையின் இயல்பு அது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, லேசான வீட்டு வேலை என்று கூட்டிக்கொண்டே போகலாம். தலைவலி கூடினால் ஒரு படி குறைக்க வேண்டும். மரம் ஏறுவதும் டிராக்டர் ஓட்டுவதும் மருத்துவர் சரி என்ற பிறகே. வலிப்பு வந்தவர் கிணற்றுக்கும் அடுப்புக்கும் தனியாகப் போகக் கூடாது. கை கால் சோர்ந்து வீட்டோடு இருப்பவருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

புதிதாக முந்திரி வைப்பவர்கள், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டுக் கன்றுகளை நட்டு, ஆண்டுதோறும் கவாத்து செய்து மரத்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தால் ஏறும் வேலையே குறையும். பழைய மரங்களுக்குத் தொரட்டியே போதும். மழை பெய்த மறுநாள் யாரையும் ஏற்ற வேண்டாம்.

தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' காப்பீடு உண்டு. பலா, பனை ஏறுபவர்கள் உட்பட 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குள்ள எவரும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஜூன் 1-க்கு முன் கணக்கில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்த அன்றே மருத்துவமனையில் பதிவாகும் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றும் பின்னால் கேட்கப்படும்.