ஒளிப்படமும் ஊர் வரலாறும்

தொழிலாக ஒளிப்படம் எடுப்பவர் பிறர் வேண்டியதை எடுப்பார். ஆர்வத்தால் எடுப்பவரோ தம் மனத்தைக் கவர்ந்ததை எடுப்பார். ஊர் வரலாற்றுக்கு இவ்விரண்டாமவர் ஆற்றும் தொண்டு சிறிதன்று.

இங்கிலாந்தில் பிறந்த மார்ஜரி டாகெட் அம்மையார் 1947-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தவர். ஒளிப்படக் கலையைத் தாமே பயின்றவர். நகரின் பழைய கட்டடங்களைப் படமெடுத்து, அவற்றின் வரலாற்றையும் உடனெழுதி, 1957-இல் 'கேரக்டர்ஸ் ஆஃப் லைட்' என்னும் நூலாக வெளியிட்டார். பின்னர் அக்கட்டடங்களுட் பல இடிக்கப்பட்டன. படத்தோடு குறிப்பும் இருந்தமையாலேயே அந்நூல் இன்று சான்றாக நிற்கிறது.

குறிப்பின் இன்றியமையாமைக்குச் சிராங்கூன் சாலையே எடுத்துக்காட்டு. 1915-இல் எழுந்த பழைய தேக்கா சந்தை 1982-இல் சாலையின் எதிர்ப்புறத்துக்கு மாறியது. மக்கள் வழக்கில் பெயர் மாறவில்லை. ஆதலின், 'தேக்கா சந்தை' என்று மட்டும் எழுதப்பட்ட படம் எச்சந்தையைக் காட்டுவது? ஆண்டு இருப்பின் ஐயம் எழாது.

லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சட்டம் சுவரையும் கூரையையும் காக்கும். ஐந்தடி நடைபாதையில் பூத்தொடுப்பவரையும் கிளி சோதிடரையும் காக்குமா? அவர்களைக் காப்பது படமே.

ஆசிரியர்கள் தம் மாணாக்கரிடம் வீட்டுப் பழம்படங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். இடம், ஆண்டு, அதிற்காணும் தொழிலின் தமிழ்ப்பெயர் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டெழுதுவிக்கலாம். கேட்டுச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.