புலி பாய்ந்தது! கைப்பிடி சுற்றியது!

நடுக் காடு. ஒரு மரம். மரத்தின் மேல் பரண். பரணில் ஒருவர் காமிராவுடன் உட்கார்ந்திருக்கிறார்.

கீழே புலி உறுமுகிறது. அண்ணாந்து பார்க்கிறது. ஒரே தாவல்! விரிந்த வாய் காமிராவை நோக்கி வருகிறது!

அவர் அலறினாரா? இல்லை. காமிராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்!

இது கதை அல்ல. சயாம் நாட்டின் வடக்கே உள்ள காட்டில் நடந்தது. (இன்று அந்த நாட்டுக்குத் தாய்லாந்து என்று பெயர்.) பரணில் இருந்தவர் எர்னஸ்ட் ஷோட்சாக் என்ற அமெரிக்கர். அவருடைய கூட்டாளி மெரியன் கூப்பர். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். இருவரும் ஓர் ஆண்டுக்கு மேல் பாடுபட்டு எடுத்த படம் "சாங்". 1927-ம் ஆண்டில் வெளிவந்தது.

கை நிற்கக் கூடாது!

அது பேசாப் படக் காலம். அந்தக் காமிராவைக் கையால் சுற்றினால்தான் பிலிம் ஓடும். விநாடிக்குச் சுமார் இரண்டு சுற்று.

பயத்தில் வேகமாகச் சுற்றிவிட்டால், திரையில் புலி ஆமை போல நகரும். மெதுவாகச் சுற்றினால், பொம்மை போலத் துள்ளும். கையை எடுத்துவிட்டாலோ, படமே இல்லை! நெஞ்சு படபடத்தாலும் கை மட்டும் ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

புலி போதாதென்று கொசுவும் சேர்ந்துகொண்டது. ஷோட்சாக்கை மலேரியாக் காய்ச்சல் வாட்டி எடுத்தது.

தலைக்கு மேல் யானைகள்

"சாங்" என்றால் சயாம் மொழியில் யானை. யானைக் கூட்டம் வெறிகொண்டு ஓடும் காட்சிதான் படத்தின் சிகரம். அதை எப்படி எடுத்தார்கள்?

தரையில் குழி வெட்டினார்கள். பருத்த மரக் கட்டைகளால் அதை மூடினார்கள். குழிக்குள் இருந்தபடி, இடைவெளி வழியாகப் படம் பிடித்தார்கள். யானைகள் அந்தக் கட்டைகளின் மேலேயே ஓடின! ஒரு கட்டை முறிந்திருந்தால்?

நியூயார்க்கில் இந்தக் காட்சி வந்ததும், தனி லென்ஸ் ஒன்றின் உதவியால் திரையில் படம் மிகப் பெரிதாக விரிந்தது. யானைகள் தங்கள் மேலேயே வந்து விழுவதுபோல் இருந்தது ஜனங்களுக்கு!

செத்தது நிஜம்

படத்தின் கதாநாயகர் தொழில் நடிகர் அல்ல. க்ரூ என்ற சயாம் நாட்டவர். காட்டை வெட்டி வீடு கட்டி வாழும் ஒரு குடும்பத்தின் கதை அது. கதையை ஜோடித்தார்கள். ஆனால், மிருகங்கள் நிஜம். அவை செத்ததும் நிஜம்! காமிராவுக்கு முன்னால் புலியும் சிறுத்தையும் சுட்டுக் கொல்லப்பட்டன.

காட்டில் மிருகங்களுக்குக் குறைவே வராது என்று நினைத்த காலம் அது. இன்று தாய்லாந்துக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகள் சுமார் 200தான்.

இப்போது புலியை எப்படிப் படம் பிடிக்கிறார்கள் தெரியுமா? சிறு பெட்டி போன்ற காமிராவை மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். புலி குறுக்கே போனால், காமிரா தானாகவே படம் எடுக்கிறது. பரண் வேண்டாம். துப்பாக்கியும் வேண்டாம்.

ஷோட்சாக்கின் கை நடுங்கவில்லை. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும், புலி செத்து விழும் படத்தைவிட, புலி தன் வழியே நடந்து போகும் படம்தான் நல்ல படம்!