'இவன்தான் பண்ணியிருப்பான்!' - த்ரில்லர் பார்க்கும்போது உங்க மனசு யாரைக் கைகாட்டுது?

த்ரில்லர் படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். அதுக்குள்ள 'இவன்தான்டா பண்ணியிருப்பான்' என்று மனசு ஒருத்தரைக் கைகாட்டிவிடும். ஒரு தடயமும் கிடைத்திருக்காது. அவர் தோற்றம், பேச்சு, குடியிருக்கும் ஏரியா... இவ்வளவுதான் ஆதாரம். சரிதானே?

இரண்டரை மணி நேரத்தில் கதை சொல்ல வேண்டிய இயக்குநருக்கு இது வசதி. ஒரு சமூகத்தைப் பற்றி நமக்குள் ஏற்கெனவே இருக்கும் பயத்தைத் தட்டிவிட்டால் போதும், டென்ஷன் தானாக ஏறும். ஆனால், அந்தப் பயம் தியேட்டரோடு முடிந்துவிடுவதில்லை.

சட்டம் குத்திய முத்திரை

1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. திருடினால்தான் குற்றவாளி என்றில்லை. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தாலே சந்தேக நபர். பெயர்ப் பதிவு, கைரேகை, போலீஸ் கண்காணிப்பு என்று வாழ்க்கையே ஸ்டேஷனைச் சுற்றி ஓடியது. 1952-ல் நாடு முழுக்க இந்தச் சட்டம் ரத்தானது. முத்திரை மட்டும் அழியவில்லை.

இப்போது இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தீரன் அதிகாரம் ஒன்று (2017)

நெடுஞ்சாலையோர வீடுகளில் நடந்த கொள்ளை, கொலைகளைப் பற்றிய படம். உண்மையான போலீஸ் வேட்டையை வைத்து எடுத்தது. சீட் நுனியில் உட்காரவைக்கும். ஆனால், கதை முழுக்க போலீஸின் கண் வழியாகத்தான் போகிறது. அந்தக் கும்பலின் கொடூரம் வேறு, அவர்கள் பிறந்த சமூகம் வேறு. படம் முடியும்போது பலருக்கு இரண்டும் ஒன்றாகவே மனதில் தங்கிவிடும்.

ஜெய் பீம் (2021)

இங்கேயும் ஒரு திருட்டு, ஒரு போலீஸ் விசாரணை. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் பாம்பு பிடிக்கப்போன இருளர் இளைஞர் ராஜாக்கண்ணு, அந்த வீட்டில் நகை காணாமல்போனதும் திருடனாக்கப்படுகிறார். கொஞ்ச நேரத்திலேயே கேள்வி மாறிவிடுகிறது. 'நகையை எடுத்தது யார்' என்பதைவிட, 'ஸ்டேஷனுக்குப் போன மூணு பேர் எங்கே?' என்பதுதான் நம்மைப் பதறவைக்கிறது. அதே த்ரில்லர் உத்திதான். சந்தேகத்தின் விரல் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புகிறது.

இந்தப் படத்திலும் கேட்க ஒரு கேள்வி உண்டு. 'பாவம், அப்பாவி' என்பதும் ஒரு முத்திரைதானே? அதிலிருந்து கதையைக் காப்பாற்றுவது செங்கேணி. போலீஸ் தரப்பு பணம் தருவதாகச் சொல்லியும், வேண்டாம் என்று எழுந்து வருகிறாள் அவள். இரக்கத்துக்காகக் காத்திருப்பவளில்லை; தானே முடிவெடுப்பவள்.

அடுத்த தடவை பார்க்கும்போது...

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அந்தச் சமூகத்தில் குற்றம் செய்யாத ஒருத்தராவது பெயரோடு, குடும்பத்தோடு வருகிறாரா? கதை யார் கண் வழியாக நகர்கிறது? போலீஸ் அடிக்கும்போது நம்மைக் கைதட்ட வைக்கிறார்களா, நெளிய வைக்கிறார்களா?

இதற்காகப் படம் பார்ப்பதை விட வேண்டாம். நல்லா என்ஜாய் பண்ணுங்க. கூடவே, ஆதாரம் வருவதற்கு முன்னாடியே மனசு யாரைக் கைகாட்டியது என்பதையும் கொஞ்சம் யோசிங்க. ஏன்னா, நாளைக்கு உங்க தெருவில் ஒரு செயின் காணாமல்போனாலும் அதே விரல்தான் முதலில் நீளும்.