முதுமையும் என்பின் நலிவும்

செங்கலடியிலிருந்து பதுளை வீதி வழியே செல்வோர், வயலும் மாட்டுப் பட்டியும் சூழ்ந்த கரடியனாற்றைக் காண்பர். அத்தகைய ஊர்களில் ஐம்பத்தைந்து வயதுடைய மாதொருத்தி கிணற்றடியில் வழுக்கிக் கையூன்றி விழுகின்றாள், மணிக்கட்டு முறிகின்றது. முறிவு நெரிவு வைத்தியர் எண்ணெயிட்டு மட்டை வைத்துக் கட்டுகின்றார். இரு திங்களில் கை பழைய நிலையை எய்துகின்றது. நிகழ்ந்ததை யாவரும் மறந்துவிடுகின்றனர். நின்ற நிலையிலிருந்து விழுந்த ஒருத்தியின் என்பு ஏன் முறிதல் வேண்டும் என்று வினவுவார் அரியர். மரத்திலிருந்து விழுந்தாரின் என்பு முறிதல் இயல்பு. தரையிற் சறுக்கி விழுந்தாரின் என்பு முறிதல் ஓர் அறிவிப்பு. அவ்வறிவிப்பின் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருளென்று எண்ணுதல் தவறு. கொலாசன் என்னும் புரத இழைகளாலாய வலையிற் கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த உப்புக்கள் படிந்து இறுகியதே என்பாகும். வளர்ந்த மனிதனின் உடலில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்கு 99 பங்கு என்பிலும் பல்லிலுமே உளது. பழைய என்பைக் கரைக்கும் கலங்கள் ஒருபுறமும் புதிய என்பைக் கட்டும் கலங்கள் மறுபுறமும் ஓயாது தொழிற்படுகின்றன. ஓராண்டில் நம் என்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. இளமையிற் கட்டுதல் மிகுதி; கரைத்தல் குறைவு. முப்பது வயதளவில் என்பின் திணிவு உச்சத்தை அடைகின்றது. அதன் பின்னர், அறுவடை முடிந்த களஞ்சியத்தைப் போல, வைத்ததை எடுத்துண்பதே நிகழ்கின்றது. எனவே எழுபது வயதில் ஒருவரிடம் எஞ்சியிருக்கும் என்பு, அவர் பள்ளிப் பருவத்திற் சேர்த்ததையும் பின்னர் இழந்ததையும் பொறுத்தது. மாணவர்க்கும் இப்பொருளில் உரிமையுண்டு என்பது இதனால் விளங்கும்.

முதுமையில் என்பு மெலிதலை ஆங்கில அறுவை வைத்தியர் அஸ்லி கூப்பர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டு எழுதினார். எனினும் மாதவிடாய் நின்ற பெண்டிரில் இது விரைந்து நிகழ்தற்கு ஈஸ்திரஜன் என்னும் ஓமோனின் குறைவே காரணமாகும் என்ற கருத்தை 1941இல் வெளியிட்டவர் அமெரிக்க அறிஞர் புல்லர் ஆல்பிரைற் ஆவர். என்பைக் கரைக்கும் கலங்களுக்கு அவ்வோமோன் ஒரு கடிவாளம். அது தளர்ந்ததும் கரைத்தல் மேலோங்குகின்றது. ஆடவர்க்கு இவ்விழப்பு மெதுவாக வருகின்றது, வாராதொழிவதில்லை.

இந்நலிவு நோவின்றி நிகழ்வதே இதன் கொடுமை. நம்மவர் 'எலும்புத் தேய்வு' என்று வழங்குவது பெரும்பாலும் முழங்கால் மூட்டின் கசியிழையம் தேய்ந்து நோவதையே குறிக்கும். அது வேறு, இது வேறு. முழங்கால் நோவார் வைத்தியரை நாடுவர். என்பு அடர்த்தி குறைந்தார் தம் குறையை அறியார். முள்ளந்தண்டின் என்புகள் சிறிது சிறிதாக நசுங்க, உயரம் குறைந்து கூன் விழுகின்றது. அதனை மூப்பின் இயல்பென்று நாம் கொள்வதால், வைத்தியரிடம் எவரும் காட்டுவதில்லை.

இந்நிலையில் வாய்திறந்து பேசும் முதற் சான்று மணிக்கட்டின் முறிவேயாம். இவ்வாறு ஒருமுறை முறிந்தவர்க்கு மீண்டும் முறிவு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். அடுத்து முறிவது தொடையென்பின் கழுத்தாயின் நிலை பெரிதும் மாறுகின்றது. அம்முறிவுற்ற முதியோருள் ஐவரில் ஒருவரளவில் ஓராண்டிற்குள் இறந்துபடுவதாகப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. எஞ்சியோருட் பலர் முன்போல் நடப்பதில்லை. முறிவு நெரிவு வைத்தியரின் கைத்திறனை யாம் இகழ்கின்றோமல்லேம். மணிக்கட்டிற்கு அது பயன்பட்டதை ஊரார் அறிவர். ஆயின் தொடையென்பின் கழுத்தை வெளிக்கட்டினால் அசையாது நிறுத்துதல் அரிது. அவ்விடத்துக் குருதியோட்டமும் எளிதில் அறுபடும். விழுந்த முதியவரின் கால் குறுகி வெளிப்புறம் திரும்பிக் கிடப்பின், அன்றே அவரை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். படுக்கையிற் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரற் சுரத்தையும் படுக்கைப் புண்ணையும் அழைத்து வருவதாகும்.

என்பின் அடர்த்தியை அளக்க இருநிலை எக்ஸ் கதிர்க் கருவி உளது. இளைஞரின் சராசரி அளவிலிருந்து 2.5 நியம விலகல் அல்லது அதனிலும் கீழே இறங்கியிருப்பின் அது நோயெனக் கொள்ளப்படும் என 1994இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இக்கருவி கிராமத்து வைத்தியசாலையிற் காணப்படுவதன்று. எனினும் வயது, உடல் நிறை, முன்னைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைத்தல் முதலியவற்றைக் கொண்டு, கருவியின்றியும் முறிவின் வாய்ப்பைக் கணிக்கும் 'பிராக்ஸ்' என்னும் முறை 2008இல் வெளிவந்தது. இலங்கைக்கென அமைந்த கணிப்பும் அதில் உண்டு.

உணவைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த பெண்டிர்க்கு 1200 என்பர். 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேலும், எள்ளில் அதனினும் பன்மடங்காகவும் கல்சியம் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்தலியும், முருங்கையிலையும், எருமைத் தயிரும் நம் நாட்டுச் செல்வங்கள். தயிருக்குப் பெயர்பெற்ற மட்டக்களப்பிலே, கறந்த பாலனைத்தையும் விற்றுவிட்டுப் பிள்ளைகளுக்கு வெறுந்தேநீர் கொடுக்கும் இல்லங்கள் உள்ளமை வருந்தத்தக்கது. வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்சியமன்றோ எனச் சிலர் கேட்பர். பாக்கு வாய்ப்புற்றை விளைவிப்பதென ஐயமற நிறுவப்பட்டுள்ளது. அவ்வழியிற் கல்சியம் தேடுதல் அறிவுடைமையன்று.

உண்ட கல்சியம் குடலில் உறிஞ்சப்படுதற்கு விற்றமின் டீ வேண்டும். தோலிற் சூரியவொளி படும்பொழுது அது உடலிலே உண்டாகின்றது. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஆய்வு, ஒஸ்லோவில் உள்ளோரிடம் இவ்விற்றமின் மிகக் குறைந்திருத்தலைக் காட்டிற்று. புலம்பெயர்ந்த நம் உறவினர் இதனைக் கருத்திற் கொள்வாராக. வெயில் நிறைந்த நாட்டிலும், நாள் முழுதும் வீட்டினுள் இருப்போர்க்கு இக்குறை வரும்.

என்பு சுமையால் வலுப்பெறுவது. விண்வெளியில் எடையின்றி மிதப்போர் இடுப்பென்பின் அடர்த்தியில் திங்களுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரை இழக்கின்றனர். உலக்கையால் நெல்லிடித்தும் தலையில் நீர்க்குடம் சுமந்தும் வாழ்ந்த பாட்டிமார் அறியாமலே என்பை வளர்த்தனர். அவ்வாழ்வின் துன்பத்தை மீட்டுக் கொணர வேண்டுவதில்லை. விரைந்து நடத்தலும் படியேறலும் போதும். முள்ளந்தண்டு நசுங்கியோர் மட்டும் குனிந்து பாரம் தூக்கலாகாது.

முதியோர் உள்ள வீட்டிற் கிணற்றடிப் பாசியைத் தேய்த்தகற்றுதலும், கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கிடுதலும், கண்புரையை உரிய காலத்தில் நீக்குவித்தலும் செலவு குறைந்த காப்பாகும். தொய்வுக்கும் வாதத்திற்கும் ஸ்ரெரொயிட் மாத்திரைகளை மூன்று திங்களுக்கு மேல் உண்போர், என்பைக் குறித்தும் வைத்தியரிடம் வினவுதல் வேண்டும். அம்மாத்திரைகளைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது.

என்பு கரைதலைத் தடுக்கும் மருந்துகளும் உள. அலென்றோனேற் மாத்திரை வாரமொருமுறை, காலையில் வெறுவயிற்றில், ஒரு குவளை தண்ணீருடன் விழுங்கப்படுவது. விழுங்கியபின் அரைமணி நேரம் படுக்கலாகாது. படுத்தால் உணவுக்குழாய் புண்படும். ஆறு திங்களுக்கொருமுறை ஏற்றப்படும் டெனோசுமாப் என்னும் ஊசியை இடையில் நிறுத்துவோர்க்கு, அடக்கப்பட்டிருந்த கரைதல் விரைந்து மீண்டு, முள்ளந்தண்டின் என்புகள் பல ஒருங்கே முறிதலும் உண்டு. ஆதலின் அதனைத் தொடங்குமுன்னரே, எத்தனை ஆண்டு தொடர வேண்டும், நிறுத்துங்கால் எம்மருந்து அதனிடத்தைப் பெறும் என்பவற்றை வைத்தியரிடம் கேட்டறிந்துகொள்ளல் வேண்டும்.