திருகிச் செல்லும் காந்தம்

இரும்பின் காந்தத்தன்மைக்குக் காரணமான எலெக்ட்ரான்கள் அணுவின் வெளிப்பகுதியிலிருந்து அண்டை அணுக்களோடு நேரடியாக உறவாடுகின்றன. அருமண் உலோகங்களிலோ அந்தப் பொறுப்பு அணுவின் உட்புறத்தில் ஒடுங்கியிருக்கும் 4எஃப் எலெக்ட்ரான்களுக்கு உரியது. ஒன்றையொன்று தொடாத அவற்றைப் படிகமெங்கும் உலவும் கடத்து எலெக்ட்ரான்களே இணைக்கின்றன. இந்த இணைப்பு, தொலைவு கூடக்கூட ஒருமுறை இணையாகவும் மறுமுறை எதிராகவும் அலைபோல மாறிமாறிச் செல்வதால் காந்த ஒழுங்கும் விந்தையான வடிவம் கொள்கிறது.

டிஸ்புரோசியம் இதற்குத் தெளிவான சான்று. அறுகோண அடுக்கமைப்புடைய இவ்வுலோகத்தில், ஏறத்தாழ 179 கெல்வினுக்குக் கீழே, ஓர் அணுத்தளத்திலுள்ள காந்தத் திருப்புத்திறன்கள், அதாவது அணுக்களின் நுண்காந்தங்கள், யாவும் ஒரே திசை நோக்க, அடுத்த தளத்தில் அவை சில பத்துப் பாகைகள் திரும்பிவிடுகின்றன. தளந்தோறும் இவ்வாறு திரும்பிச் சுழற்படிக்கட்டு போன்ற திருகொழுங்கு உருவாகிறது. ஏறத்தாழ 85 கெல்வினில் திருகு குலைந்து, எல்லாத் தளங்களும் ஒரே திசைக்கு வர, உலோகம் இரும்பைப் போன்ற காந்தமாகிறது. அப்போது படிகமும் தன் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. அம்மாற்றத்தால் மிச்சமாகும் ஆற்றலே திருகைக் குலைக்கும் முதன்மையான விசை.

மென்படலத்தில் இந்த வடிவமாற்றத்திற்கு இடமில்லை என்பதே அருமண் படலங்களைப் பற்றிய ஆய்வின் மையச் செய்தி. மிகுவெற்றிடத்தில் உலோக ஆவியை அணு அணுவாகப் படியச்செய்து இப்படலங்கள் வளர்க்கப்படுகின்றன. அருமண் உலோகம் அடித்தளமான நீலக்கல் தகட்டின் ஆக்சிஜனோடு வினைபுரிந்துவிடும் என்பதால் முதலில் நையோபியமும், அதன்மேல் இட்ரியமும், அதற்கும் மேலே டிஸ்புரோசியமும் படியவிடப்படும். இட்ரியத்தின் அணு இடைவெளி டிஸ்புரோசியத்தினதைவிடச் சற்றுப் பெரிது. அதனோடு பிணைந்த படலம் பக்கவாட்டில் இழுபட்டு, வடிவம் மாற வழியின்றிப் பூட்டப்படுவதால், 85 கெல்வினுக்கு வெகு கீழேயும் திருகொழுங்கு நீடிக்கக்கூடும். இடைவெளி சிறிதான லுட்டீசியத்தின்மீது வளர்த்தாலோ, திருகு குலையும் வெப்பநிலை உயர்கிறது.

இவற்றினும் வியப்பானது 1980களின் நடுப்பகுதியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் வளர்த்த டிஸ்புரோசியமும் இட்ரியமும் மாறிமாறி அமைந்த பல்லடுக்குகளில் வெளிப்பட்டது. இட்ரிய அணுக்களுக்கு நிலையான காந்தத் திருப்புத்திறன் இல்லை. எனினும் பத்துக்கு மேற்பட்ட இட்ரியத் தளங்கள் இடைப்பட்டபோதும், ஓர் அடுக்கின் திருகு அடுத்த அடுக்கில் அதே சுழற்சித் திசையுடன், உரிய கோணத்திலேயே தொடர்ந்ததை நியூட்ரான் சிதறல் காட்டியது. நியூட்ரானே ஒரு நுண்காந்தம் என்பதால், எக்ஸ்-கதிரால் எளிதில் காண இயலாத இவ்வொழுங்கை அது நேரடியாகப் படிக்கிறது. இட்ரியத்தின் கடத்து எலெக்ட்ரான்கள் தம் தற்சுழற்சிகளில் ஏற்படும் அலையாக அந்தத் திசைக்குறிப்பைச் சுமந்து செல்கின்றன. இவ்வலை எத்திசையிலும் ஒரே அளவில் பரவுவதன்று. அறுகோணப் படிகத்தின் நெட்டச்சுத் திசையில் அது தொலைதூரம் செல்கிறது. அவ்வச்சு படலத்தின் தளத்திலேயே கிடக்குமாறு பல்லடுக்கை வளர்த்தபோது, இட்ரியத்தின் தடிமன் சற்றுக் கூடியதுமே அடுக்குகளுக்கிடையிலான தொடர்பு அற்றுப்போனது.